ஸனது இல்லாத சித்திரங்கள்

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கோமுகி அணையைப் பின்னே விட்டு வெள்ளிமலைக்கு ஏறும் மலைப்பகுதியில் பெரியார் அருவி இருக்கிறது. சென்ற மழைக்காலத்தின் முடிவில், நம்மிடம் ஓத வரும் பிள்ளைகள் சிலரை அங்கே அழைத்துச் சென்றிருந்தோம். பிறந்த நாள் முதல் கல்வராயன் மலையைத் தொலைவில் ஒரு நீலக் கோடாகவே கண்டு வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். அருவியின் முன்னே நின்றதும் நம் நாவில் தஸ்பீஹ் தானாக எழுந்தது. பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒருவனோ நீரைச் சற்று நேரம் ஏற இறங்கப் பார்த்தான். பின்பு நம் பக்கம் திரும்பி, "இவ்வளவுதானா ஹஜ்ரத்? பாகுபலியில வர்ற அருவி இதைவிட எவ்வளவு பெரிசு!" என்றான்.

அவனைக் கடிந்துகொள்ள நமக்கு மனம் வரவில்லை. கடிந்துகொள்ளப்பட வேண்டியவர்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள். 2015-ஆம் ஆண்டு வெளிவந்த அந்தப் படத்தின் அருவிக்கு மூலமாக நின்றது கேரளத்து அதிரப்பள்ளி. அது ஏறத்தாழ 80 அடி உயரத்திலிருந்து விழுவது. படத்தில் கணினியின் துணையால் அதைப் பன்மடங்கு உயர்த்தி, முகில்களுக்கு மேலிருந்து விழச் செய்தார்கள். அவ்வாறு கூட்டிய நீர் எவரையும் நனைத்ததில்லை. அதில் ஒரு மீனும் நீந்தியதில்லை. ஆயினும் நம் பிள்ளையின் கண்ணுக்கு அதுவே அளவுகோல் ஆகிவிட்டது. அந்த அளவுகோலின் முன்னே அல்லாஹ் படைத்த அருவி தோற்றுப்போனது!

திரைப்படங்களில் கையால் செய்த வித்தையே நமக்குப் பிடிக்கும், கணினி வரைந்த வித்தை பிடிக்காது என்று நாம் சொல்லும்போதெல்லாம், "அது உங்கள் தனிப்பட்ட ரசனை" என்று நம் மாணவர்கள் சிரித்து ஒதுக்குவது வழக்கம். அது ரசனைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த ரசனைக்குக் காரணம் உண்டு. அதை இங்கே எடுத்து வைக்கிறோம்.

முன்னதாக ஒரு தடையை நீக்கிவிட வேண்டும். "ஆலிம் ஒருவருக்குச் சினிமாவைப் பற்றி என்ன பேச்சு?" என்று கேட்கும் பெரியவர்கள் உண்டு. அவர்கள்மீது நமக்கு மரியாதை உண்டு. ஆனால் அவர்களுடைய வீட்டுக் கூடத்திலேயே தொலைக்காட்சி இருக்கிறது. பேரப்பிள்ளையின் உள்ளங்கையில் கைப்பேசி இருக்கிறது. திரையரங்கிற்குச் செல்லாதே என்று சொல்லிக் காத்த காலம் முடிந்தது. இன்று திரையரங்கே வீட்டுக்குள் வந்து குடியேறிவிட்டது. "எல்லாமே கூடாதது, இதில் நல்லது எது, கெட்டது எது?" என்று கைகழுவுவோர், பிள்ளையை எல்லாவற்றிற்கும் ஒரேயடியாக ஒப்படைத்துவிடுகிறார்கள் என்பதே உண்மை. வேறுபாடு காணும் கண்ணைப் பிள்ளைக்குக் கொடுப்பது யார் கடமை?

கண் ஒரு சாட்சி

பஸராவில் பிறந்து, கெய்ரோவில் வாழ்ந்து மறைந்த இப்னுல் ஹைஸம் என்னும் பேரறிஞர், 11-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் 'கிதாபுல் மனாழிர்' என்னும் ஒளியியல் நூலை எழுதினார். கண்ணிலிருந்து ஒரு கதிர் புறப்பட்டுச் சென்று பொருளைத் தொடுகிறது. அதனாலேயே நாம் காண்கிறோம் என்று யூக்ளிடும் தாலமியும் சொல்லியிருந்தார்கள். இப்னுல் ஹைஸம் அதை மறுத்தார். பொருளிலிருந்து ஒளி புறப்பட்டுக் கண்ணை வந்தடைகிறது என்றார். இருட்டறையில் சிறு துளை வழியே ஒளியை நுழையவிட்டுச் சோதித்தும் பார்த்தார். பிற்காலத்தில் தோன்றிய ஒளிப்படக் கருவியும் துளையுள்ள இருட்டறையே அன்றோ!

இதன் பொருள் என்ன? பார்ப்பது என்பது செய்தி ஒன்றைப் பெறுவது. பொருள் அனுப்புகிறது, ஒளி எடுத்து வருகிறது, கண் பெற்றுக்கொள்கிறது. மத்ரஸாவில் ஓதியவர்களுக்கு இந்த அமைப்பு புதிதன்று. இதைத்தான் நாம் ஸனது என்கிறோம். ஹதீஸ் ஒன்று காதில் விழுந்தவுடன் அதன் வாசகத்தின் அழகில் மயங்கிவிடாமல், "இதை உமக்குச் சொன்னவர் யார்? அவருக்குச் சொன்னவர் யார்?" என்று கேட்கப் பழக்கப்பட்ட சமுதாயம் நம்முடையது. அந்தக் கேள்விக்காகவே நம் முன்னோர் ஒட்டகத்தில் மாதக்கணக்கில் பயணம் செய்தார்கள். ஹதீஸ் கலையின் கண்ணியத்தைச் சினிமாவோடு சமமாக வைக்க நாம் துணியவில்லை, அல்லாஹ் காப்பானாக! அதன் கேள்வி கேட்கும் முறையை மட்டுமே கடனாகப் பெறுகிறோம்.

கேமரா எடுத்த படத்திற்கு ஸனது உண்டு. நடிகரின் முகம் அங்கே இருந்தது. ஒளி அதன்மேல் பட்டது. அதே ஒளி ஆடி வழியே சென்று பதிந்தது. அதையே நாம் காண்கிறோம். வேடம் பொய்யாக இருக்கலாம், வசனம் கற்பனையாக இருக்கலாம். ஆயினும் அந்த மனிதர் அந்த நாளில் அந்த இடத்தில் நின்றார் என்பது மெய். கணினி வரைந்த உருவத்திற்கோ அந்தத் தொடர் இல்லை. பொருள் இல்லை, பொருளிலிருந்து புறப்பட்ட ஒளி இல்லை, பார்த்தவரும் இல்லை. ஆனால் 'நான் பார்த்தேன்' என்று நம் கண் சாட்சி சொல்கிறது. கண்ணைப் பொய்ச்சாட்சி சொல்லப் பழக்குவது சிறு தீங்கா?

"இன்றைய கேமராவும் ஒரு கணினிதானே?" என்று இளைஞர் ஒருவர் நம்மை மடக்கினார். ஆம், அதற்குள்ளும் எண்களே ஓடுகின்றன. ஆனால் அந்த எண்கள், பொருளிலிருந்து வந்த ஒளியை அளந்து எழுதிய கணக்கு. மற்றவை, வராத ஒளிக்கு எழுதிய கணக்கு. வந்த சரக்குக்கு எழுதும் கணக்கும் வராத சரக்குக்கு எழுதும் கணக்கும் ஒன்றே என்று எந்தக் கடைக்காரராவது ஒப்புவாரா?

சேலத்துக் குகை

கல்வராயன் மலைக்குக் கிழக்கே நாம் இருக்கிறோம், மேற்கே சேலம். அந்தச் சேலத்தில், ஏற்காட்டு மலையடிவாரத்தில், டி.ஆர். சுந்தரம் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்தது. 1937-இல் 'சதி அகல்யா' தொடங்கி நூற்றுக்கு மேற்பட்ட படங்களை அது தந்தது. நம்மவரான கவி கா.மு. ஷெரீப் 1950-இல் வெளிவந்த 'மந்திரி குமாரி'க்குப் பாடல் எழுதியதும் அந்த நிறுவனத்திற்காகத்தான். 1956-இல் அங்கிருந்து வெளிவந்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்' தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம். இன்று அந்தக் கலைக்கூடம் இல்லை. அதன் நுழைவாயில் வளைவு மட்டும் ஏற்காடு சாலையில் நிற்கிறது.

அந்தப் படத்தை நம் வீட்டுப் பிள்ளைகளோடு மீண்டும் பார்த்தோம். குகைக் கதவு திறக்கும்போது அதன் பாரம் தெரிகிறது. குதிரைகள் மெய்யான குதிரைகள். அவை கிளப்பும் புழுதி மெய்யான புழுதி. குகை, அரங்கு அமைத்தவரின் கைவேலை என்பது பார்த்தவுடன் விளங்குகிறது. விளங்கிய பின்னரும் இன்பம் குறையவில்லை. "இந்தக் கதவை எப்படித் திறக்க வைத்தார்கள்?" என்று பிள்ளைகள் தமக்குள் வாதிட்டுக்கொண்டார்கள். கையால் செய்த வித்தையின் சிறப்பு இதுவே. அது 'எப்படி?' என்ற கேள்வியைப் பிறப்பிக்கிறது. கணினி வித்தைக்கு அந்தக் கேள்வியே எழுவதில்லை. "கம்ப்யூட்டரில் செய்திருப்பார்கள்" என்ற ஒரே விடை எல்லாக் கேள்விகளையும் கொன்றுவிடுகிறது.

அலிபாபாவின் கதைக்கே ஒரு ஸனது வரலாறு உண்டு. 'ஆயிரத்தொரு இரவுகள்' நூலின் பழைய அரபுச் சுவடிகளில் இக்கதை இல்லை. பிரெஞ்சு மொழியில் அதைப் பெயர்த்த காலாந்து என்பவர், 1709-இல் பாரிஸுக்கு வந்திருந்த ஹலப் நகரத்துக் கிறிஸ்தவ இளைஞர் ஹன்னா தியாபின் வாய்மொழியாக இதைக் கேட்டு எழுதிக்கொண்டார். ஆனால் நெடுங்காலம் உலகம் காலாந்தை மட்டுமே அறிந்திருந்தது. ஆராய்ச்சியாளர்கள் தேடித் துருவி, கதை சொன்னவரை அவருக்குரிய இடத்தில் வைத்தார்கள். கட்டுக்கதைக்கும்கூட 'சொன்னவர் யார்?' என்று கேட்பதே நேர்மை. அப்படியிருக்க, கண்ணுக்குக் காட்டப்படும் உருவத்திற்குக் 'காட்டியது யார்? எதைக் காட்டினார்?' என்று கேட்கக் கூடாதா?

நம் திரையுலகம் கைவித்தையில் வறுமைப்பட்டதன்று. 1948-இல் எஸ்.எஸ். வாசனின் 'சந்திரலேகா'வில் மாபெரும் முரசுகளின்மேல் பெண்கள் ஆடினார்கள். அந்த முரசுகளைத் தச்சர்கள் செய்ய வேண்டியிருந்தது. 1957-இல் 'மாயா பஜார்' படத்தில் லட்டுகள் தாமே எழுந்து ரங்காராவின் வாய்க்குள் சென்றன. துவாரகை நகரம் சிறு மாதிரியாகக் கட்டப்பட்டது. நிலவொளியை மார்கஸ் பார்ட்லி விளக்குகளால் படைத்தார். 1989-இல் 'அபூர்வ சகோதரர்கள்' வந்தபோது நாம் மத்ரஸாவில் ஓதிக்கொண்டிருந்தோம். உஸ்தாதுக்குத் தெரியாமல் அதைப் பார்த்தவர்களில் நாமும் ஒருவர் என்பதை இத்தனை ஆண்டுகளுக்குப் பின் ஒப்புக்கொள்வதில் தவறில்லை. உயரமான மனிதர் குள்ளமாக நடப்பது எப்படி என்று மாதக்கணக்கில் தர்க்கம் செய்தோம். முழங்காலை மடக்கிக் கட்டி, அங்கே தனியாகச் செய்த காலணியைப் பொருத்தி நடந்தார், சில காட்சிகளுக்குத் தரையில் பள்ளம் தோண்டினார்கள் என்று பின்னாளில் அறிந்தபோது வியப்பு இரட்டித்தது. அந்த வலி ஒரு மனிதருடைய முழங்காலில் இருந்தது. அதுவே அந்தக் காட்சியின் ஸனது.

"எல்லாம் பொய்தானே?"

நம்மை எதிர்ப்போரின் வலுவான வாதம் இதுதான்: "கயிற்றில் தொங்கவிட்ட லட்டும் பொய், கணினியில் வரைந்த லட்டும் பொய். பொய்யில் ஒரு பொய்யை உயர்த்துவது என்ன நியாயம்?"

மூஸா நபி (அலை) அவர்களின் முன்னே ஃபிர்அவ்னின் சூனியக்காரர்கள் கயிறுகளையும் தடிகளையும் எறிந்த நிகழ்ச்சியை நம் பிள்ளைகள் அறிவார்கள். அவை ஊர்வது போன்ற தோற்றம் கண்களுக்கு உண்டாக்கப்பட்டது என்று குர்ஆன் கூறுகிறது. தோற்றம் என்பதற்கு அங்கே ஆளப்படும் சொல், 'கியால்' என்னும் சொல்லின் வேரிலிருந்தே பிறந்தது. கயிறு மெய், ஊர்ந்தது பொய். ஆனால் அடுத்து நடந்ததைக் கவனியுங்கள். அந்தக் கூட்டத்தில், மூஸா நபியின் கைத்தடி செய்தது வித்தையன்று, இறைவனின் அத்தாட்சி என்று முதலில் உணர்ந்து ஸுஜூதில் விழுந்தவர்கள் யார்? வேடிக்கை பார்த்த மக்கள் அல்லர்; மன்னனும் அல்லன்; அந்தச் சூனியக்காரர்களே! ஏன்? தம் தொழிலின் எல்லை அவர்களுக்குத் தெரியும். கயிற்றினால் எதைச் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது என்று கையால் அறிந்தவர்கள் அவர்கள். வித்தையின் உள்ளறையை அறிந்தவனே அற்புதத்தை அடையாளம் காண்கிறான்.

இதுவே நம் விடை. கைவித்தைக்கு எல்லை உண்டு. மரம் இவ்வளவுதான் வளையும், மனிதன் இவ்வளவுதான் தாவுவான், தண்ணீர் இவ்வளவுதான் எழும். அந்த எல்லையைப் பார்த்துப் பழகிய கண், எல்லையற்றவனின் வேலையைக் கண்டால் திடுக்கிடும். கணினி வித்தைக்கு எல்லை இல்லை. மலையைத் தூக்கலாம், கடலைக் கவிழ்க்கலாம், எல்லாம் ஒரே விலை. எல்லையின்மையையே தினமும் உண்டு பழகிய பிள்ளை அருவியின் முன்னே நின்று, "இவ்வளவுதானா?" என்றுதான் கேட்பான்.

நம் முன்னோர் பொறிவித்தையை வெறுத்தவர்கள் என்று யாரும் எண்ண வேண்டாம். 9-ஆம் நூற்றாண்டில் பக்தாதில் மூஸாவின் புதல்வர் மூவர் 'கிதாபுல் ஹியல்' என்று பொறிகளைப் பற்றியே நூல் செய்தார்கள். 1206-இல் அல்ஜஸரீ தம் பெருநூலை முடித்தார். யானை வடிவக் கடிகாரமும், ஒளுச் செய்வதற்கு நீர் வார்க்கும் பொறியும் அதில் உண்டு. இல்மையும் பயன் தரும் அமலையும் ஒன்று சேர்ப்பது என்பதே அந்நூலின் பெயர் தரும் பொருள். ஒவ்வொரு பொறியையும் வரைந்து, அடுத்த கைவினைஞன் செய்துகொள்ளும்படி அவர் விளக்கினார். வித்தையைக் காட்டினார், வித்தையின் உள்ளறையையும் திறந்து காட்டினார். அந்த மரபின் பிள்ளைகள் நாம்.

நிர்ப்பந்தமும் அதன் அளவும்

கணினியே கூடாது என்று நாம் சொல்லவில்லை. அவ்வாறு சொன்னால் நாம் நியாயம் தவறியவர்கள் ஆவோம். 2020 பிப்ரவரியில் சென்னைக்கு அருகே 'இந்தியன் 2' படப்பிடிப்புத் தளத்தில் பாரந்தூக்கி சரிந்து மூவர் இறந்தார்கள். 2025 ஜூலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் கார் பாய்ந்து செல்லும் காட்சியில் சண்டைக் கலைஞர் ஒருவர் உயிரிழந்தார். நம் கண்ணின் இன்பத்திற்காக ஒரு தாயின் மகன் சாக வேண்டும் என்றால் அந்த இன்பம் நமக்கு வேண்டாம். ஓர் உயிருக்கு அல்லது ஒரு வாயில்லா விலங்குக்கு ஆபத்து உண்டு எனின், கணினியை அழைத்துக்கொள்க. நிர்ப்பந்தம் தடுக்கப்பட்டதை ஆகுமாக்கும் என்பது ஃபிக்ஹின் விதி. ஆனால் நிர்ப்பந்தத்தின் அளவு எவ்வளவோ அவ்வளவே அனுமதி என்பதும் அதே ஃபிக்ஹின் விதியன்றோ! சாகும் பசியில் உண்ண அனுமதித்ததை அன்றாடச் சாப்பாடாக்கிக்கொள்ள எந்த இமாமும் அனுமதிக்கவில்லை. இன்று என்ன நடக்கிறது? புறாவும் கணினி, புல்லும் கணினி, கதாநாயகியின் பின்னே நிற்கும் மாலை வானமும் கணினி. புறா யாரையாவது கொன்றுவிடுமா?

அளவறிந்து செய்தவர்களும் உண்டு. நமக்குக் கிழக்கே உள்ள புதுச்சேரியில் தொடங்கும் கதையான 'லைஃப் ஆஃப் பை' 2012-இல் வெளிவந்தது. ஓடத்தில் இளைஞனோடு செல்லும் புலி பெரும்பாலும் கணினியின் உருவம். உயிருள்ள புலியோடு பிள்ளையை ஓடத்தில் ஏற்ற முடியாது. இது மெய்யான நிர்ப்பந்தம். ஆனால் அவர்கள் மெய்யான புலிகளைக் கொண்டுவந்து, அவற்றின் நடையையும் தசையையும் மயிரையும் கவனித்து, சில காட்சிகளில் அவற்றையே காட்டி, அந்த அளவுக்கு மற்றதையும் கட்டுப்படுத்தினார்கள். அந்த உருவத்தின் ஸனது அறுபடவில்லை, மெலிந்தது, அவ்வளவே. அதை நாம் 'ஸஹீஹ்' என்று சொல்லோம். 'மவ்ளூஃ' என்றும் தள்ளோம்.

அந்தப் புலியை வரைந்த நிறுவனத்தின் கதையும் கேட்கத் தக்கது. 2013 பிப்ரவரியில் அந்தப் படத்தின் காட்சி வித்தைக்கு ஆஸ்கார் பரிசு கிடைத்தது. அதே மாதத்தில், பரிசு கிடைப்பதற்குச் சில நாட்களுக்கு முன்னரே, அந்த நிறுவனம் திவாலாகிவிட்டதாக நீதிமன்றத்தில் மனுச் செய்திருந்தது. "கணினி வித்தைக்குப் பின்னாலும் கைகள் உண்டு, ஹஜ்ரத், இரவு பகலாக உழைக்கும் பிள்ளைகள் உண்டு" என்று அத்தொழிலில் இருக்கும் நம் பழைய மாணவர் ஒருவர் நம்மிடம் சொன்னார். அது உண்மை. நம் வழக்கு அந்தப் பிள்ளைகள்மீது அன்று. அவர்களுடைய கையைக் கண்ணுக்குத் தெரியாமல் மறைப்பதே பெருமை என்று எண்ணும் தொழிலின்மீதுதான். தச்சரின் கை காட்சியில் தெரிகிறது. இவர்களின் கை தெரிந்துவிட்டால் அது குற்றம். இதைவிடக் கொடுமை தொழிலாளிக்கு வேறு உண்டா?

நம் கட்சிக்காரர்களையும் விட்டுவிடக் கூடாது. "எங்கள் படத்தில் எல்லாம் மெய்யாகச் செய்தது" என்று விளம்பரம் செய்வது இப்போது ஒரு மோஸ்தராகிவிட்டது. 2022-இல் வந்த 'டாப் கன்: மேவரிக்' என்னும் அமெரிக்கப் படத்தில் நடிகர்கள் மெய்யான போர் விமானங்களில் அமர்ந்து பறந்தார்கள், அதைப் பறை சாற்றினார்கள். ஆனால் அதே படத்தில் கணினி கைவைத்த காட்சித் துண்டுகள் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவை. அறிவிப்பாளர் தொடரில் உள்ள குறையை மறைத்து, தொடர் சீரானது என்று தோன்றும்படி அறிவிப்பதை ஹதீஸ் கலையில் 'தத்லீஸ்' என்பார்கள். பலவீனமான தொடரைப் பலவீனமானது என்று சொல்லிவிடுபவரிடம் நேர்மை இருக்கிறது, மறைப்பவரிடம் இல்லை.

இறந்தவர்களின் நாவு

இதுவரை சொன்னது அருவியையும் புலியையும் பற்றியது. இனிச் சொல்வது மனிதரைப் பற்றியது. நம் ரசனை வெறும் ரசனையன்று என்பதற்கு இதுவே காரணம்.

2014-இல் 'கோச்சடையான்' படத்தில், 2009-இல் மறைந்துவிட்ட நாகேஷின் உருவத்தைக் கணினியில் படைத்து நடமாட வைத்தார்கள். 2023 டிசம்பரில் மறைந்த விஜயகாந்தின் முகம், அடுத்த ஆண்டு வந்த 'கோட்' படத்தில் தோன்றியது. 2024 பிப்ரவரியில் வெளிவந்த 'லால் சலாம்' படத்தின் பாடல் ஒன்றில் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகிய மறைந்த பாடகர் இருவரின் குரலையும் செயற்கை நுண்ணறிவால் எழுப்பினார்கள். குடும்பத்தாரின் இசைவு பெற்று, உரிய தொகையும் வழங்கியதாக இசையமைப்பாளர் ஏ.ஆர். ரஹ்மான் அறிவித்தார். கேட்காமல் எடுப்போர் நிறைந்த காலத்தில், கேட்டு எடுத்தது நாகரிகம்தான்.

ஆயினும் நம் நெஞ்சு ஆறவில்லை. சாகுல் ஹமீது 1993-இல் 'திருடா திருடா' படத்தில், இசைக்கருவிகளின் துணையின்றி மனிதக் குரல்களாலேயே அமைந்த பாடலைப் பாடியவர். தொண்டையும் மூச்சும் மட்டுமே அங்கே கருவிகள். 1990-களின் இறுதியில் சாலை விபத்தில் அவர் மறைந்தார். அந்த மூச்சு நின்றுவிட்டது. அவர் பாடாத பாட்டில் அவர் குரல் எழும்போது, 'பாடினார்' என்ற வினைச்சொல்லுக்கு எழுவாய் யார்? நஹ்வு படித்த நமக்கு விடை தெரியவில்லை.

வாரிசுகளுக்கு நிலம் சேரும், வீடு சேரும், வர வேண்டிய கடன் சேரும். ஆனால் தந்தையின் சாட்சியம் மகனுக்கு வாரிசாகச் சேராது. தந்தை கண்டதைத் தந்தைதான் சொல்ல வேண்டும். அவர் சொல்லாததை, அவர் நாவால், அவர் இறந்த பின் சொல்ல வைக்க மகனுக்கும் உரிமை இல்லை. இன்று பாட்டு; நாளை பேச்சு; மறுநாள் வாக்குமூலம். இறந்தவரைச் சொல்லாததைச் சொல்ல வைக்கும் கருவி, உயிரோடிருப்பவரையும் சொல்லாததைச் சொல்ல வைக்கும். செய்யாததைச் செய்ததாகக் காட்டும். சிறுபான்மையினராக வாழும் நமக்கு அதன் ஆபத்தை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. அந்த நாளில் நம்மைக் காக்கப்போவது ஒரே ஒரு கேள்வி: "இதற்கு ஸனது உண்டா?" திரையைப் பார்க்கும்போது அந்தக் கேள்வியை மறந்த சமுதாயத்திற்கு, தெருவில் நெருப்பு பரவும்போது அது எங்கிருந்து நினைவுக்கு வரும்?

காட்டாமையின் கண்ணியம்

'எதையும் காட்டலாம், காட்ட முடியாதது ஒன்றுமில்லை' என்பதே கணினிக் காலத்தின் கலிமா. அதற்கு நம்மிடம் ஒரு மறுப்பு இருக்கிறது. முஸ்தஃபா அக்காத் 1976-இல் வெளியிட்ட 'அர்ரிஸாலா' என்னும் படம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் காலத்தைச் சொல்வது. மொராக்கோவில் மர்ராக்கிஷுக்கு அருகே பழைய மக்காவையே கட்டி எழுப்பினார்கள். பின்னர் லிபியாவில் படப்பிடிப்பைத் தொடர்ந்தார்கள். ஆங்கிலத்தில் ஒருமுறையும் அரபியில் ஒருமுறையுமாக, வெவ்வேறு நடிகர்களைக் கொண்டு இரண்டு படங்களாக எடுத்தார்கள். அத்தனை பாடுபட்டும், நாயகத்தின் திருவுருவமோ குரலோ அதில் எங்கும் இல்லை. பேசுவோர் கேமராவை நோக்கிப் பேசுகிறார்கள், நிழல்கூட விழுவதில்லை. அந்தப் படத்தின் மீது ஆலிம்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. அதற்குள் நாம் நுழையவில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறோம். காட்டாத இடத்தில்தான் அந்தப் படத்தைப் பார்த்தவர்களின் கண் நனைந்தது. காட்டக் கூடாதது ஒன்று உண்டு என்று அறிந்த கலைஞனுக்கே, காட்டுவதன் மதிப்பும் தெரியும்.

பெற்றோரிடம் நாம் கேட்பது

அருவியிலிருந்து இறங்கிய அன்று மாலை, பிள்ளைகளைக் கள்ளக்குறிச்சியில் மரச்சிற்பம் செய்யும் பட்டறை ஒன்றுக்கு அழைத்துச் சென்றோம். நம் ஊர் மரச்சிற்பங்களுக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்ததைப் பலரும் அறிவீர்கள். அங்கே உருவாகும் சிலைகள் பிற மதத்தாரின் வழிபாட்டுக்குரியவை. நம் கொள்கை வேறு. ஆனால் உளியின் நேர்மைக்கு மதம் இல்லை. அன்று அந்த ஆசாரி கதவு நிலை ஒன்றில் பூங்கொடி செதுக்கிக்கொண்டிருந்தார். கொட்டாப்புளியின் ஒவ்வோர் அடிக்கும் சுருள் சுருளாக மரம் உதிர்ந்தது. காலையில் "இவ்வளவுதானா?" என்று கேட்ட அதே பிள்ளை குத்துக்காலிட்டு அமர்ந்துவிட்டான். அரைமணி நேரம் எழவில்லை. "அண்ணே, ஒரு அடி தப்பா விழுந்துட்டா என்ன செய்வீங்க?" என்று கேட்டான். ஆசாரி சிரித்தார். "தப்பா விழுந்தா விழுந்ததுதான் தம்பி. அந்தத் தப்பையும் ஒரு இலையா மாத்தணும்" என்றார்.

கணினியில் பிழையை அழித்துவிடலாம். அதனாலேயே அங்கே எதுவும் நிகழ்வதில்லை. மரத்தில் விழுந்த அடி விழுந்ததுதான். நம் வாழ்விலும் அப்படியே.

ஆகவே, பெற்றோரே! படம் பார்க்காதே என்று பிள்ளையை விரட்டுவதற்கு முன், அவன் பக்கத்தில் அமருங்கள். "இதைச் செய்தது யார்? எதைக்கொண்டு செய்தார்? இது அங்கே இருந்ததா, இல்லையா?" என்று கேட்கப் பழக்குங்கள். ஆண்டுக்கு ஒருமுறையேனும் மலைக்கும் ஆற்றுக்கும், பட்டறைக்கும் தறிக்கும் அழைத்துச் செல்லுங்கள். படம் எடுப்போரே! கணினியை நிர்ப்பந்தத்தின் அளவோடு நிறுத்துங்கள். கைவைத்த இடத்தை மறைக்காதீர்கள். இறந்தவர்களின் முகத்தையும் நாவையும் அவர்களுடைய கப்றுகளிலேயே விட்டுவிடுங்கள்.

பெரியார் அருவி இன்றும் விழுந்துகொண்டிருக்கிறது. நம் பிள்ளைகளின் கண்களுக்கு அதைப் பெரிதாகக் காணும் பாக்கியத்தை அல்லாஹ் திருப்பித் தருவானாக! ஆமீன்.